விந்திய மலையைத் தாண்டாத மதமாம், எங்க வீட்டு மாடியில இருந்தே தெரியுதே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை இணைப்புல நடுப்பக்கம் முழுக்க உலக மதங்கள் எங்க தோணுச்சு, எங்கெங்க பரவுச்சுன்னு கலர் மேப்போட கட்டுரை போட்டிருந்தீங்க. பிரமாதம். நானும் காபிய ஆத்திக்கிட்டே வாசிச்சிட்டு வந்தேன், மூணாவது பத்தியில வந்து நிக்கிது பாருங்க ஒரு வரி. "சமணம் வடக்கே தோன்றி, விந்திய மலையைத் தாண்டாமல் குஜராத், ராஜஸ்தானோடு நின்றுவிட்ட மதம்." அத நான் வாசிச்சது நாகமலை புதுக்கோட்டையில எங்க வீட்டு மொட்டை மாடியில உக்காந்து. பேப்பர இறக்கிட்டு நிமிந்து பாத்தா எதுத்தாப்புல சமணமலை. பேரே சமணமலைங்கய்யா. எங்க பாட்டன் காலத்துல இருந்து அதுதான் பேரு.

டெல்லியில உக்காந்து யாரோ எழுதி இங்கிலீஷ் பேப்பர்ல வந்திருந்தா போகட்டும்னு விட்ருப்பேன். மதுரையில அச்சடிச்சு, காலையில அஞ்சரைக்கு எங்க தெருவுல சைக்கிள்ல வந்து விழுற பேப்பர்ல வந்திருக்கு. உங்களுக்கு தெரியாம இருக்காது, நீங்க படிச்சவங்க, ஆனா ஞாயித்துக்கெழமை பக்கத்த பாக்க உங்களுக்கு நேரம் இல்ல போல.

நான் பெரிய படிப்பாளி இல்ல. இருபத்தெட்டு வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தவன், அதுல பாதி சமணமலை அடிவாரத்து கீழக்குயில்குடி பக்கம் போற டவுன் பஸ்தான். வடநாட்டு ஆளுங்க குடும்பம் குடும்பமா பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஏறி "ஜெயின் ஹில், ஜெயின் ஹில்"னு கேட்டு டிக்கெட் வாங்குவாங்க, சமணத்தத்தான் ஜெயின்னு சொல்றாங்க. ஒரு நாள் உச்சி வெயில்ல வெள்ளச் சேலை கட்டின நாலு அம்மாக்க, வாயில துணி கட்டி, கால்ல செருப்பு இல்லாம தார் ரோட்டுல நடந்து போறாங்க. எனக்கு மனசு கேக்காம விசில் குடுத்து வண்டிய நிறுத்தி "ஏறுங்கம்மா, காசு வேணாம்"னேன். அவங்க சிரிச்சுக்கிட்டே கும்பிட்டுட்டு நடந்துக்கிட்டே இருக்காங்க. கூட வந்த பையன் சொன்னான், அண்ணே இவங்க ஜெயின் சாமியார்ங்க, எந்த வண்டியிலயும் ஏற மாட்டாங்க, ராஜஸ்தான்ல இருந்தே நடந்துதான் வர்றாங்கன்னு. டிரைவரு ஆரன் அடிக்கிறாரு, பஸ்ல இருந்த சனமெல்லாம் வாயப் பொளந்து பாக்குது. நாலு பொம்பளைங்க வெறுங்கால்லயே விந்தியத்த தாண்டி வந்துட்டாங்க, உங்க கட்டுரைக்குத்தான் தாண்ட முடியல.

கீழக்குயில்குடியில அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம், அதத் தாண்டி மலை ஏறுனா செட்டிப்புடவுங்கற குகை. பெரிய தீர்த்தங்கரர் சிலை, அதாவது சமணங்க கும்பிடுற குரு, தலைக்கு மேல முக்குடைங்கற மூணு அடுக்கு குடை. காது ரெண்டும் நீளமா தொங்கறதால ஊர் சனம் அத செட்டியார்னு நெனச்சு செட்டிப்புடவுன்னு பேரு வச்சிருச்சு, அது அவுங்க பாசம். இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம், அங்க பாறையில வரிசையா எட்டு சிலை, அடியில வட்டெழுத்துங்கற பழைய தமிழ் எழுத்து. அதுல ஒண்ண செஞ்சு வச்சது அச்சணந்திங்கற சமண முனிவரோட தாயாரு, குணமதியாருன்னு அந்தம்மா பேரோடயே வெட்டியிருக்கு. ஆயிரத்து நூறு வருஷம் இருக்கும். அந்த அம்மா எந்த குஜராத்துங்கய்யா?

அதுக்கும் பழசு வேணும்னா மாங்குளம். அங்க குகையில வட்டெழுத்துக்கும் முந்தின தமிழ்பிராமி எழுத்து, பாண்டியன் நெடுஞ்செழியன் பேரு, கணிநந்தன்னு ஒரு சமண முனிவர் பேரு, கிட்டத்தட்ட 2200 வருஷத்து சமாச்சாரம். 1882லயே ராபர்ட் சீவெல்னு வெள்ளைக்காரன் வந்து பாத்துட்டுப் போயிட்டான். யானைமலை, அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, விக்கிரமங்கலம்னு மதுரைய சுத்தி எந்தப் பக்கம் பஸ் ஏறுனாலும் பாறையில வெட்டின ஒரு சமணர் படுக்கை வரும். அந்தப் படுக்கைக்கு பேரு பள்ளி. முனிவருங்க படுத்திருந்த பள்ளியில இருந்து பள்ளிக்கூடம் வந்துச்சு, பள்ளிவாசலும் வந்துச்சு. காலையில பிள்ளைங்கள அனுப்புற எடத்துக்கே அந்த மதத்து வார்த்தையத்தான் சொல்றோம், நீங்க என்னடான்னா வரவே இல்லங்கறீங்க.

அதே பத்தியில கடைசியா இன்னொரு வரி, தெற்கே கொஞ்சம் இருந்த சமணமும் சம்பந்தரோட முடிஞ்சுதாம். மொத வரியில தாண்டலைன்னுட்டு கடைசி வரியில முடிஞ்சுதுன்னா எது சரி? வராதது எப்படி முடியும்? சம்பந்தர் வந்து கூன் பாண்டியனுக்கு வெப்பு நோய் தீத்து, வைகையில ஏடு விட்ட கதையெல்லாம் எங்களுக்கும் தெரியும், திருவேடகம் போய் கும்பிட்டு வந்தவன்தான் நான். ஆனா சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. பேச்சிப்பள்ளத்து சிலைங்க 9, 10ஆம் நூற்றாண்டு. அவரு காலத்துக்கு இருநூறு வருஷம் கழிச்சும் ஒரு அம்மா காசு செலவு பண்ணி சிலை வெட்டியிருக்கு. இன்னைக்கும் விழுப்புரம் பக்கம் மேல்சித்தாமூர்ல தமிழ் சமணருக்கு மடம் இருக்கு, வீட்டுல தமிழ் பேசுறவங்க. 2011 சென்சஸ் எடுத்துப் பாருங்க, தமிழ்நாட்டுல மட்டும் சமணர் 89 ஆயிரம் பேர். அட, நாட்டுலயே அதிகமா இருக்கறது குஜராத்தும் இல்ல ராஜஸ்தானும் இல்ல, மகாராஷ்டிரா. விந்தியத்துக்கு இந்தப் பக்கம்.

இது முதல் தடவையா இருந்தா இம்புட்டு எழுத மாட்டேன். நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கீழவளவு தீர்த்தங்கரர் போட்டோ போட்டு கீழ "தியான நிலையில் புத்தர்"னு போட்டீங்க. முக்குடையப் பாருங்க, உடம்புல துணி இருக்கான்னு பாருங்க, புத்தருன்னா பிக்குங்க போத்துற சீவர ஆடை இருக்கும்னு கார்டு எழுதிப் போட்டேன். வரல. ரெண்டாவது கார்டும் போட்டேன், அதுவும் வரல. போன மாசம் கும்ப ராசி பலனும் மீன ராசி பலனும் மாறிப் போச்சுன்னு மறுநாளே முதல் பக்கத்துல பெட்டி கட்டி வருத்தம் தெரிவிச்சீங்க. மகாவீரரும் கும்ப ராசியில பொறந்திருந்தா கவனிச்சிருப்பீங்களோ என்னவோ.

மத்த மதத்துக்கும் இதே கதிதான். இஸ்லாம் மதுரைக்கு டெல்லி சுல்தானோட தளபதி மாலிக் காபூர் படையோட வந்துச்சாம். காபூர் வந்தது 1311. அதுக்கு முன்னாடியே காயல் துறைமுகத்துல அரபு வியாபாரிங்க பாண்டியனுக்கு குதிரை இறக்கிக்கிட்டு இருந்தாங்க, மார்க்கோ போலோவே எழுதி வச்சிருக்கான். காஜிமார் தெரு பெரிய பள்ளிவாசல் பாண்டியன் குடுத்த நிலத்துல கட்டுனதுன்னு அங்க உள்ளவங்க தலைமுறை தலைமுறையா சொல்றாங்க, ஒரு எட்டு போய் கேட்டிருக்கலாம்ல. கிறிஸ்தவம் பிரிட்டிஷ் ஆட்சியோட வந்ததாம். ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தது 1606, நாயக்கர் ஆட்சி. காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படிச்ச இத்தாலிக்காரரு, தத்துவ போதகர்னே பேரு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் சென்னையில கோட்டை கட்ட ஆரம்பிக்கறதுக்கு முப்பது வருஷத்துக்கும் முன்னாடி. கேரளாவுல சிரியன் கிறிஸ்தவங்க அதுக்கும் எத்தனையோ நூறு வருஷம் முன்னாடி. எல்லா மதமும் ஒண்ணு கத்தியோட வரணும், இல்ல வெள்ளைக்காரனோட வரணும், அப்பத்தான் உங்க ஆளுக்கு கட்டுரை எழுத வரும் போல. வியாபாரத்துக்கு வந்தவன், நடந்து வந்தவன் எல்லாம் கணக்குலயே இல்ல.

அப்புறம் அந்த மேப். ஏழாவது படிக்கிற என் பேத்திக்கு போன வருஷம் பரிட்சையில உலகத்துல முஸ்லிம்கள் அதிகம் உள்ள நாடு எதுன்னு கேட்டாங்க. பிள்ள இந்தோனேசியான்னு எழுதியிருக்கு, நான் சொல்லிக் குடுத்ததுதான். டீச்சர் சிவப்பு பேனாவுல அடிச்சு சவுதி அரேபியான்னு எழுதி ஒரு மார்க்க கொறச்சிட்டாங்க. மெக்காவுல பொறந்த மதம்னா மெக்காவுலயேவா எல்லாரும் இருப்பாங்க? இந்தோனேசியாவுல 20 கோடிக்கு மேல, சவுதியில மொத்த சனமே மூணு நாலு கோடிதான். நான் போய் பேசுனேன், "சார் கைடுல அப்படித்தான் இருக்கு"ன்னாங்க. இப்ப உங்க மேப்ப விரிச்சா இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் எல்லாத்துக்கும் சேத்து புத்த மதத்து மஞ்ச கலர் அடிச்சு வச்சிருக்கீங்க. பிலிப்பைன்ஸ்ல பெரும்பாலும் கத்தோலிக்கங்கய்யா. எத்தியோப்பியாவுக்கு பூராவும் இஸ்லாத்துப் பச்சை, அங்க 4ஆம் நூற்றாண்டுலயே ராஜா கிறிஸ்தவனா மாறிட்டான். புத்தர் பொறந்த லும்பினி நேபாளத்துல இருக்கு, உங்க மேப்புல பீகாருக்குள்ள புள்ளி. பேத்தி கேக்குது, "தாத்தா, அப்ப நீ சொன்னதும் தப்பு, டீச்சர் சொன்னதும் தப்பா?" அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல.

அந்த பழைய மார்க்க நீங்க வாங்கித் தர வேணாம். கட்டுரை எழுதினவர கூப்பிட்டு திட்டவும் வேணாம், பாவம் பொழப்பு. செட்டிப்புடவு பக்கம் வந்தா வரச் சொல்லுங்க, முழங்கால் வலி இருந்தாலும் நானே கூட்டிட்டுப் போய் காட்டுறேன். பேத்தி அந்த மேப்ப வெட்டி பெவிக்கால் போட்டு ஸ்கூல் புராஜெக்ட் சார்ட்டுல ஒட்டிருச்சு, சார்ட்ட குடுக்க இந்த மாசம் 24ந் தேதி கடைசி. பிச்சா சார்ட்டு கிழிஞ்சுரும். அதனால திருத்தின மேப்ப 24க்கு முன்னாடி வர்ற ஞாயித்துக்கெழமை போடுங்க, அதே சைஸ்ல போடுங்க. ஸ்கேல் வச்சு அளந்துட்டேன், பத்து இஞ்சுக்கு ஏழு. மேலயே ஒட்டிக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.