மூலை பிளக்காத படச்சட்டத்துக்கு எந்த வாள்?

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

நீ போனில் கேட்டதற்கு நாலு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். தேக்கிலும் முதிரையிலும் படச்சட்டம் செய்ய மைட்டர் மெஷின் (கோணம் வைத்துக் குறுக்கே வெட்டும் மின்வாள்) வாங்குவதா, கைவாளே போதுமா என்று கேட்டாய். விலையையும் கம்பனிப் பெயரையும் பிறகு பார்க்கலாம். வெட்டும்போது எது அசைகிறது என்பதை முதலில் பார். மெதுமரம் வாளுக்கு வழிவிடும். வைரம் பாய்ந்த மரம் வாளையே ஒரு பக்கம் தள்ளிவிடும். கோணம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

60 மில்லிமீற்றர் அகலச் சட்டத்தில் 45 பாகை வெட்டின் நீளம் சுமார் 85 மில்லிமீற்றர். இரு துண்டிலும் அரைப் பாகை தவறினால் அந்த மூலையில் ஒன்றரை மில்லிமீற்றர் வாய் திறக்கும். நாலு மூலைக்கு எட்டு வெட்டு. எட்டிலும் அதே பிழை இருந்து, மூன்று மூலையை இறுக்கி மூடினால் மொத்தப் பிழையும் நாலாவதில் வந்து நிற்கும். அது 4 பாகை, கிட்டத்தட்ட 6 மில்லிமீற்றர். பசையும் மரத்தூளும் வைத்து அதை மறைக்க முடியாது.

மெஷின் என்றால் 10 அங்குலம், அதாவது 255 மில்லிமீற்றர் பிளேட் போடுவது போதும். முன்னும் பின்னும் இழுக்கும் சிலைடிங் வகை உனக்கு வேண்டாம். அகலப் பலகை வெட்ட அது நல்லதுதான், ஆனால் தண்டவாளமும் பெயாரிங்கும் கூடக்கூட ஆட்டமும் கூடும். தலை மேலும் கீழும் மட்டும் இறங்கும் வகையே படச்சட்டத்துக்குத் தாராளம். கடையில் மேசையை 45இல் பூட்டி, தலையைக் கீழே இறக்கிப் பிடித்து, இடமும் வலமும் தள்ளிப் பார். கைக்கு ஆட்டம் தெரிந்தால் அந்த மெஷினை விட்டுவிடு, என்ன விலைக்குத் தந்தாலும் சரி.

மிச்சக் காசைப் பிளேட்டில் போடு. மெஷினோடு வரும் 24 பல், 40 பல் பிளேட் வீட்டுக்கூரை வேலைக்குத்தான் சரி. உனக்கு 80 பல், கார்பைட் என்ற மிகக் கடினமான பொருளில் நுனி, பல் இடமும் வலமும் மாறிமாறிச் சரிந்தது வேண்டும். பல் முன்னால் கவிந்திருந்தால் மரத்தை இழுத்துத் தூக்கும். சற்றுப் பின்னால் சாய்ந்த, கழித்தல் 5 பாகை அளவிலான பல் அடக்கமாக வெட்டும். மெல்லிய பிளேட் மோட்டாருக்கு இலகு, ஆனால் முதிரையில் வளையும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் சாதாரண இரும்புப் பல் சீக்கிரம் மழுங்கும். பலா வெட்டினால் பிசின் படியும். பிளேட்டைக் கழற்றி அந்தப் பிசினை நீக்காவிட்டால் வெட்டு கருகும், நீ மோட்டாரைக் குறை சொல்வாய்.

மேசையைத் திருப்பும்போது 45இல் வந்து விழும் கிளிக்கை நம்பாதே. 150 மில்லிமீற்றர் அகலமான ஒரு கழிவுப் பலகையை 90இல் வைத்து வெட்டு. ஒரு பாதியைக் கவிழ்த்து, இரண்டையும் ஒரு நேரான விளிம்பில் அணைத்து, வெட்டுமுகங்களைச் சேர்த்துப் பார். தெரியும் இடைவெளி உண்மையான பிழையின் இரு மடங்கு, ஆகவே கண்ணுக்கு எளிதில் படும். 90 சரியான பிறகு 45இல் இரு துண்டு வெட்டி, சேர்த்து, மூலைமட்டத்தை உள்ளே வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடி.

வெட்டும்போது பெரிய எதிரி நழுவல். 45இல் பிளேட் மரத்தைப் பின்தடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் இழுக்கும். கையால் எவ்வளவு அழுத்தினாலும் ஒரு மயிரிழை நகரும். பின்தடுப்பில் 120 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, துண்டைக் கிளாம்பில் பூட்டு. முதலில் 2 மில்லிமீற்றர் கூடுதலாக வெட்டி, பிறகு அந்த மிச்சத்தை மெதுவாகச் சீவியெடு. மோட்டார் முழு வேகம் பிடித்தபின் இறக்கு, பிளேட் நின்றபின் தூக்கு. மெல்லிய நீள எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் மின்னழுத்தம் இறங்கி மோட்டார் திணறும், அப்போதும் கருகும்.

கோணம் சரியாக இருந்தும் மூலை திறந்தால் நீளத்தைப் பார். எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். அளந்து வெட்டாதே. ஒரு மரக்கட்டையைத் தடுப்பாகப் பூட்டி, இரண்டையும் அதில் முட்டவைத்து வெட்டு.

கைவாள் என்றால் முதுகுப்பட்டி உள்ள டெனன் வாள், 12 முதல் 14 அங்குலம், அங்குலத்துக்கு 14 பல் அளவு, குறுக்கு வெட்டுக்கு அராவியது. பட்டி இல்லாத பெரிய வாள் முதிரையில் பாம்புபோல் நெளியும். இழுத்து அறுக்கும் ஜப்பான் வாள் அழகாக வெட்டும், ஆனால் அதன் மெல்லிய பல் வைர மரத்தில் ஒடியும். கைவாளுக்குக் கோணம் காட்டும் மைட்டர் பெட்டியை மரத்தில் செய்தால் அதன் வெட்டுவாய் நாளடைவில் அகன்றுவிடும். இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மைட்டர் வாள் அதைவிட மேல். எதில் வெட்டினாலும் 45 பாகைக் கட்டை பூட்டிய சீவுபலகையில் வைத்து, கூரான சீவுளியால் இரண்டு மூன்று மெல்லிய சீவல் எடு. முனை சிதறாமல் பின்னால் ஒரு கழிவுத்துண்டை அணை கொடு. மெஷின் எவ்வளவு நல்லதென்றாலும் இந்தப் பலகை இல்லாமல் நான் முதிரைச் சட்டத்தை ஒட்டச் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, இது வாளின் குற்றமல்ல. நம் மலைப்பக்கத்து ஈரத்தில் கிடந்த மரத்தை உடனே வெட்டிச் சேர்த்து, கொழும்பில் ஏசி அறையில் மாட்டினால் மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. அதனால் மூலையின் உள்பக்கம் வாய் திறக்கும். வெளிப்பக்கம் திறந்தால் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது என்று அர்த்தம். ஈரமானி 12 வீதத்துக்கு மேல் காட்டினால் பொறு, ஏசி அறை போன்ற உலர்ந்த இடத்தில் அடுக்கிக் காற்றாட விடு.

முதிரைத் தூள் தோலில் அரிப்பைக் கிளப்பும். முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போடு. சின்னத் துண்டைக் கையால் பிடிக்காதே, பிளேட்டிலிருந்து கை ஒரு சாணாவது விலகியிருக்கட்டும்.

வாங்குமுன் மெஷினில் பிளேட் மாட்டும் அச்சின் அளவைப் பார்த்துச் சொல். 30 மில்லிமீற்றரா, 25.4ஆ என்பது தெரிந்தால்தான் பிளேட் வாங்க முடியும். பொருந்தாத துளையில் வளையம் போட்டு ஒப்பேற்றினால் பிளேட் சுற்றும்போதே ஆடக்கூடும். அளவு வந்ததும் இங்கே ஹார்ட்வெயாரில் விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா