பையனின் கிரியேட்டின் டப்பா

அன்பு மாப்ளே,

கடிதம் வந்தது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணி விட்டு நடவு ஆரம்பித்தது கேட்டுச் சந்தோசம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததும் நல்ல சேதி.

பையன் விசயத்துக்கு வருகிறேன். ஆட்டத்துக்குத் தெம்பு வேண்டிக் கிரியேட்டின் பொடி சாப்பிடுகிறவனுக்கு, கிட்னி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.4 என்று ரிப்போர்ட் வந்ததும் கிட்னி போச்சு என்று வீடே கலங்கி நிற்பதாக எழுதியிருக்கிறாய். தசையில் இருக்கும் கிரியேட்டினில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு தினமும் கிரியாட்டினினாக மாறிச் சிறுநீரில் போகும். கபடி ஆடிச் சதை வைத்த உடம்பில் அந்த அளவு இயல்பாகவே கூடுதல். அதன்மேல் பொடியும் சேர்ந்தால் வழக்கமான மேல்வரம்பான 1.3ஐத் தாண்டுவது உண்டு. ரிப்போர்ட்டின் கீழே இருக்கும் இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டும் வேகம், அதே எண்ணை வைத்துப் போட்ட கணக்கு, அதுவும் குறைத்துத்தான் காட்டும்.

அதற்காகப் பொடியால்தான் என்று நாமே முடிவு கட்டிவிடவும் கூடாது. பொடி சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லி, கிட்னியை வேறு வழியில் அளக்கும் சிஸ்டாட்டின் சி ரத்தப் பரிசோதனையும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல். சிஸ்டாட்டின் அளவைக் கிரியேட்டின் பொடி ஏற்றாது. ரத்தம் கொடுப்பதற்கு 2 நாள் முன்பிருந்து கடும் பயிற்சி வேண்டாம். முந்தின ராத்திரி கறிச்சோறும் வேண்டாம், வெந்த கறியிலேயே கிரியாட்டினின் இருக்கிறது. முடிவு வரும்வரை பொடியை நிறுத்தி வைக்கட்டும்.

எல்லாம் சரியென்றால் தினம் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் (சாதாரணமாகக் கிடைக்கும் வகை) போதும். முதல் வாரம் தினம் 20 கிராம் ஏற்றுவது அவசியமே இல்லை. 3 கிராமிலேயே நாலு வாரத்தில் தசை நிரம்பிவிடும். 10 கிராமை ஒரே மூச்சில் குடித்தால் வயிறு கலங்கிப் பேதியாகலாம். வெதுவெதுப்பான தண்ணியில் நன்றாகக் கரையும். எலுமிச்சைச் சாற்றில் கலக்கி நாள்கணக்கில் வைத்தால் சிதைந்துபோகும், கலக்கினதும் குடித்துவிட வேண்டும். ஆரம்பத்தில் 1, 2 கிலோ ஏறும். அது தசைக்குள் சேரும் தண்ணி, கொழுப்பல்ல. எடைப்பிரிவு பார்த்துக் கபடிக்கு இறங்குகிற பையன் இதைக் கணக்கில் வைக்கணும். முடி கொட்டும் என்ற பயம் 2009இல் ரக்பி வீரர்களிடம் முடி உதிர்வோடு தொடர்புள்ள ஒரு ஹார்மோன் கூடியதாக வந்த சின்ன ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் முடியை யாரும் அளக்கவே இல்லை.

எனக்கு உண்மையான கவலை இரண்டு. ஒன்று, ஆட்டம் முடிந்ததும் மேல்வலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் டைக்லோஃபெனாக் வலி மாத்திரை. சித்திரை வெயிலில் வேர்த்து உடம்பு வறண்டிருக்கும்போது அது கிட்னிக்கு நேராகக் கெடுதல். அதைத் தொடவே விடாதே. இன்னொன்று டப்பா. ஜிம்மில் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சீல் உடையாமல், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் இருப்பதாக, கிரியேட்டின் மட்டுமே உள்ளதாக வாங்கு. உள்ளே இருக்கும் கரண்டி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு, கிராமை லேபிளில் படிக்கச் சொல்.

உங்கப்பாவுக்கு கிட்னிக் கோளாறு இருந்ததே, அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடு. ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான், ஈரோடு