எங்கள் அம்மாவுக்கு, அவர்தம் தம்பி தங்கைகளின் அக்காவுக்குத் துணைநின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவேறி, வீட்டுக்கிருத்தியமும் முடிந்திருக்கும் இவ்வேளையில், எங்கள் அம்மாவின் நோய்க்காலத்திலும் இறுதிப் பயணத்திலும் எம்முடன் நின்ற உங்களுக்கு, அவருடைய பிள்ளைகளான நாங்களும், அவரை அக்கா என்று அழைத்து அவர் கையால் உண்டு வளர்ந்த தம்பி தங்கைகளும் சேர்ந்து இம்மடலை எழுதுகின்றோம். நேரில் வந்தவர்கள், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள், மலர்வளையம் சாத்தியவர்கள் என்று எல்லோரையும் ஒரே வரியில் சேர்த்து நன்றி நவில்வது எமது ஊர் வழக்கம். அதில் பிழையில்லை. ஆனால் அம்மா அவ்வாறு செய்திருக்கமாட்டார் என்பதனால், சற்று விரிவாகவே எழுத விரும்புகின்றோம்.

அம்மா யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், கட்டுவனில் பிறந்தவர். வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் தோட்டத்தை நம்பியிருந்த குடும்பம் அது. எங்கள் அம்மம்மா இளவயதிலேயே காலமானபோது மூத்த பிள்ளையான அம்மாவின் பள்ளிப் படிப்பு முடிந்திருக்கவில்லை. கடைசித் தங்கை இன்னும் நடக்கப் பழகியிருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டின் அடுப்பும் கணக்கும் அவர் கைக்கு வந்தன. பின்னர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிளையொன்றில் விற்பனையாளராகச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் மாமாமார் இருவரையும் படிப்பித்தார், சின்னம்மாமாரின் கலியாணங்களை ஒப்பேற்றினார். தனக்கென்று பேசி வந்த சம்பந்தங்களைத் தங்கைகளின் காரியம் முடியட்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் தள்ளிவைத்ததை, அப்பா காலமான பிறகே சின்னம்மா எங்களுக்குச் சொன்னார். அம்மா தானாக ஒருநாளும் சொன்னதில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்விட்டு வெளியேறினர். நாங்கள் மருதனார்மடத்தில் உறவினர் வீடொன்றில் ஒதுங்கினோம். அம்மாவின் சங்கக்கடையும் இடம்பெயர்ந்தது. அக்காலத்தில் நிவாரண அட்டையுடன் அவர் கடை வாசலில் வரிசையில் நின்றவர்களில் பலர் அவருடைய சொந்த ஊரவர்கள். முந்திய ஆண்டு வரை தமது தோட்டத்து விளைச்சலைப் பிறருக்குக் கொடுத்தவர்கள், அரிசிக்கும் மாவுக்கும் பருப்புக்கும் பை ஏந்தி நிற்க நேர்ந்ததை நினைத்துத் தலைகுனிந்தவர்கள். அவர்களுடைய முகத்தை நிமிர்ந்து பாராமல் அட்டையை மட்டும் வாங்கி, பெயரை மெதுவாக வாசித்து, ஊர்க்கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே நிறுப்பது அம்மாவின் வழக்கம். சீனியை நிறுத்து முடித்ததும் தராசுத் தட்டில் ஒட்டியிருக்கும் மணிகளைக் கைவிரலால் வழித்து, வாங்குபவரின் பைக்குள்ளேயே போட்டுவிட்டுத்தான் அடுத்த அட்டையைக் கையிலெடுப்பார். சவர்க்காரம் அருமையாகிப்போன நாள்களில் கட்டிச் சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பங்கிட்டதையும், எங்கள் வீட்டுக்கு வந்தது எப்போதும் ஓரத் துண்டாக இருந்ததையும் நாங்கள் மறக்கவில்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அன்றைய கணக்கை எழுதி முடித்த பின்னரே அவர் சாப்பிடுவார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே ஒருமித்து வெளியேறியபோது, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்ற இலட்சக்கணக்கானோரில் நாங்களும் இருந்தோம். கொடிகாமத்தில், அதற்கு முன் எங்களை அறிந்திராத ஒரு குடும்பத்தினர் தமது விறாந்தையை எங்களுக்குத் தந்தனர். அடுத்த ஆண்டு நாங்கள் வலிகாமம் திரும்பும் வரை அந்த விறாந்தைதான் எங்கள் வீடு. அம்மா ஒரு பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் அக்காலத்தில் தமக்குக் கிடைத்தவற்றையெல்லாம் எழுதிவைத்தார். "பாண் இரண்டு றாத்தல்", "படங்கு ஒன்று", "பிள்ளையின் காய்ச்சலுக்குப் பனடோல்" என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே தந்தவரின் பெயர் இருக்கும். பெயர் தெரியாதவிடத்து அடையாளம் இருக்கும். பின்வந்த ஆண்டுகளில் அந்தக் குடும்பங்களின் கலியாண வீடுகளுக்கும் செத்த வீடுகளுக்கும் அம்மா தவறாமல் போய்வந்தார். போய்வந்ததும் கொப்பியை எடுத்துப் பெயருக்கு நேரே சிறிய புள்ளியொன்று இடுவார். பெயரை வெட்டமாட்டார். திருப்பிக் கொடுத்துத் தீர்த்துவிடக்கூடிய கடனாக அவர் அதைக் கருதவில்லை என்றே நாங்கள் விளங்கிக்கொள்கின்றோம்.

நோயுற்ற பின், கை நடுங்கத் தொடங்கியபோது, அதே கொப்பியில் புதிய பெயர்களை எங்களைக் கொண்டு எழுதுவித்தார். இனி வரும் நன்றிகளுட் பெரும்பாலானவை அந்தப் பக்கங்களில் உள்ளவை. அவர் சொன்ன வரிசையிலேயே தருகின்றோம்.

முதலில், தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள், தாதியர்கள், மருந்தாளர்கள், சிற்றூழியர்கள். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எதையும் மறைக்காமல், அம்மாவையே நோக்கி, அம்மாவுக்கு விளங்கும் தமிழில் சொன்ன மருத்துவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கின்றோம். நோயாளியை விட்டுவிட்டு உடன்வந்தவரிடம் மட்டும் பேசுவது அவருக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. மருந்து ஏற்றும் நாள்களில் ஊசி போட நரம்பு கிடைக்காமல் அவர் வேதனைப்பட்டபோது, வெந்நீரில் நனைத்த துணியால் அவர் கையை ஒற்றி ஒற்றிச் சூடாக்கி, அவசரப்படாமல் காத்திருந்த இளம் தாதியை அம்மா "என்ரை கடைசித் தங்கச்சி" என்று எழுதச் சொன்னார். இறுதி வாரங்களில் வலியைத் தணித்து அவரை உறங்க வைத்த குழுவினருக்கும், இரவில் விடுதியைத் துடைக்க வரும்போது அவருடைய போர்வையை இழுத்து மூடிவிட்டுச் சென்ற துப்புரவுப் பணியாளருக்கும் எமது வணக்கம்.

இம்மருத்துவமனையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2011 யூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை நடந்து திரட்டிய நிதியைக் கொண்டு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது அது. அதற்கு முன் வடக்கின் நோயாளர் பலர் சிகிச்சைக்காகக் கொழும்பையடுத்த மகரகமவுக்குப் போய்வர வேண்டியிருந்தது. அந்த நடையில் பங்குகொண்ட, வழியில் நின்று காசு போட்ட மக்களில் பலர் எங்கள் மொழி பேசாதவர்கள். எங்கள் அம்மாவை அறியாதவர்கள். தான் பிறந்த கட்டுவனிலிருந்து கூப்பிடு தொலைவிலேயே தனக்கு மருத்துவம் கிடைத்ததற்கு அவர்களும் காரணம் என்பதை அம்மா அறிந்திருந்தார். கொப்பியில் அவர்களுக்கும் ஒரு வரி உண்டு: "நடந்த ஆக்கள்." அந்த வரிக்கு நேரே புள்ளி இடும் வழி அவருக்குக் கிடைக்கவில்லை. இம்மடலை யாரேனும் சிங்களத்தில் சொல்லி அவர்களுட் சிலரிடமேனும் சேர்ப்பித்தால் அது பெரும் உதவியாகும்.

இரத்தம் தந்தவர்களுக்கு அடுத்த இடம். அம்மாவுக்கு இரத்தம் தேவைப்பட்ட போதெல்லாம் வேலைத்தலத்திலிருந்து நேரே இரத்த வங்கிக்கு வந்து, எண்ணெய்க் கறை படிந்த கையோடு படிவம் நிரப்பிய உடுவில் இளைஞர்களே, உங்களுட் பலருடைய தாய்மார் அன்றைய நிவாரண வரிசையில் நின்றவர்கள் என்பது எங்களுக்குப் பின்னரே தெரியவந்தது. எந்த நேரத்தில் அழைத்தாலும் ஓட்டோவைக் கொண்டுவந்து, குழி விழுந்த இடங்களில் நடைவேகத்தில் ஓட்டி, கிளினிக் முடியும் வரை வாசலில் காத்திருந்த தம்பிக்கும், ஒவ்வொரு மாலையும் கஞ்சியோ இடியப்பமும் சொதியுமோ கொண்டுவந்து, வெறும் பாத்திரத்தைக்கூட எங்களைக் கழுவவிடாமல் எடுத்துச்சென்ற அயல்வீட்டு அக்காமாருக்கும் சொல்லால் நன்றி கூறி முடியாது. சங்கத்தில் அவருடன் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் சுழற்சி முறையில் வந்து, பழைய நாள் கதைகளைச் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தார்கள். அந்தச் சிரிப்புக்காக அவர்களுக்கு நன்றி.

கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் இரவு பகல் பாராது அழைத்து, அக்காவின் மருந்துச் செலவைத் தமதாக்கிக்கொண்ட மாமாமாருக்கு நன்றி சொன்னால் அவர்கள் கோபிப்பார்கள். ஆயினும் அவர்களிருவருக்கும் விடுமுறை அளித்து, விமானச் சீட்டுக்கு உதவி, அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வழிசெய்த அங்குள்ள நண்பர்களுக்கு நன்றி கூறுவது எமது கடமை. சின்ன மாமா வந்திறங்கிய அன்று அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. அவர் படுக்கையருகே குனிந்து "அக்கா" என்றபோது அம்மாவின் கை எழும்பி, சிறுவயதில் செய்ததைப்போலவே அவருடைய சட்டைக் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இறுதிக் கிரியைகளை நெறிப்படுத்திய சிவாசாரியாருக்கும், சுண்ணம் இடிக்கையில் திருப்பொற்சுண்ணத்தைத் தொய்வின்றிப் பாடிய அன்பர்களுக்கும், பறை முழக்கிய கலைஞர்களுக்கும், மயானத்தில் விறகடுக்கி இறுதி வரை நின்ற தொழிலாளர்களுக்கும், பந்தலும் கதிரையும் தேத்தண்ணியும் குறைவின்றிக் கவனித்த சனசமூக நிலையத்தாருக்கும், பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகளைக் கைபிடித்து நடத்திய ஊர்ப்பெரியோருக்கும் எமது நன்றி. நினைவு மலர் அச்சிடுவதற்கென ஒதுக்கிய பணத்தை, மருத்துவமனையில் நோயாளர்களுடன் தங்கியிருப்போரின் உணவுச் செலவுக்குக் கொடுத்துவிட்டோம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். கொப்பியில் புள்ளி இடப்படாத பெயர்கள் சில இன்னும் உள்ளன. அவற்றுள் ஒன்று, 1995 ஐப்பசியில், கொடிகாமம் சந்தைக்குப் போகும் வழியில், காய்ச்சலோடிருந்த எங்கள் தம்பிக்குத் தன் போர்வையைக் கழற்றித் தந்த ஒருவரைப் பற்றியது. "கைதடிப் பிள்ளை, நீலப் போர்வை, பெயர் கேட்கவில்லை" என்றே அம்மா எழுதியிருக்கின்றார். அவரை அறிந்தவர்கள், அல்லது இதை வாசிக்கும் அவரே, எங்களுக்குத் தெரியப்படுத்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம். நாங்கள் நேரில் வந்து காண்போம்.

இங்ஙனம்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்,
தம்பிமார், தங்கைமார்