ஆம்புலன்ஸ் அழைப்பை எடுப்பவருக்கும் ஏணி வேண்டும்

மதிப்பிற்குரிய மலேசியச் சுகாதார அமைச்சுக்கும் பொதுச் சேவைத் துறைக்கும்,

வணக்கம். 999-ஐ அழைத்தால் முதலில் டெலிகோம் மையத்தில் ஒருவர் எடுக்கிறார். ஆம்புலன்ஸ் என்று சொன்னதும் அழைப்பு மருத்துவமனையின் அவசர ஒருங்கிணைப்பு மையத்துக்கு மாறுகிறது. அங்கே உட்கார்ந்து கேள்வி கேட்டு வண்டி அனுப்புகிறவர்களுக்குப் பதவி உயர்வு ஏணி கேட்டுத்தான் இந்த மடல்.

சுங்கை சிப்புட்டைச் சுற்றி எல்பில், ஹேவுட், கமுனிங் என்று தோட்டங்கள். லயத்து வீட்டுக்கு ஏது சாலைப் பெயர்? "கோயிலுக்குப் பின்னால, பழைய ஸ்டோர் பக்கம்" என்பதுதான் முகவரி. ஒரே தோட்டப் பெயரில் இரண்டு மூன்று டிவிஷன் இருக்கும். செம்பனைக்கு நடுவே போகிற செம்மண் சாலைகள் எல்லாம் ஒரே மாதிரி. ராத்திரி எந்தக் கேட்டைப் பூட்டுவார்கள் என்பது பழகியவருக்குத்தான் தெரியும். பதறிப்போய்ப் பேசுவது பாட்டியாக இருந்தால் மலாயும் பாதிதான் வரும்.

இடம் தெரிந்தால் மட்டும் போதாது. இதயம் நின்றுபோனால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படும். டவுனிலிருந்து எந்த வண்டியும் அதற்குள் வந்து சேராது. மூச்சு இருக்கிறதா என்று கேட்டால், "இழுத்து இழுத்து விடுறாரு" என்பார்கள். இதயம் நின்றவருக்கும் கொஞ்ச நேரம் அப்படி வரும். அதைச் சரியான மூச்சு என்று எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது. புரிந்துகொண்டவர், நெஞ்சின் நடுவில் கை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தச் சொல்லி, வண்டி வரும்வரை கூடவே எண்ணிக்கொண்டிருப்பார். பக்கத்துச் சிங்கப்பூர் 2012-இலேயே இதை முறையான திட்டமாகத் தொடங்கிவிட்டது.

இந்தக் காது ஒரு வாரப் பயிற்சியில் வராது. பதிவான பழைய அழைப்புகளைக் கேட்க வேண்டும், மூத்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும், ஆம்புலன்சில் ஏறித் தோட்டத்துக்குள் போய் வர வேண்டும். தான் அனுப்பிய நோயாளி பிழைத்தாரா என்பதையாவது அவருக்குச் சொல்ல வேண்டும். அப்புறம், பிள்ளை இறந்த அழைப்பை வைத்த கையோடு அடுத்த அழைப்பை எடுக்கச் சொல்வது நியாயமா?

எங்கள் காலத்தில் நோய்க்கு மருந்து கொடுத்த தோட்டத்து டிரெசருக்குத் தனி வீடும் மரியாதையும் இருந்தன. மானேஜரே எழுந்து பேசுவார். இன்று போனில் உயிர் காப்பவருக்கு என்ன இருக்கிறது? பதவி உயர்வெல்லாம் வார்டில்தான் என்று நினைக்கிற இளைஞர் இந்த நாற்காலியில் ஏன் தங்குவார்? மாற்றல் கேட்டுப் போய்விடுவார். அவரோடு அந்தக் கேட் விவரமும் போய்விடும்.

ஆகவே அழைப்பு எடுப்பவர், வண்டி அனுப்புபவர், ஷிப்ட் மேற்பார்வையாளர், பயிற்றுநர் என்று இந்த வேலைக்கே தனிப் படிகள் வையுங்கள். ஒவ்வொரு படிக்கும் தேர்வும் சம்பள உயர்வும் இருக்கட்டும். தோட்டப் பகுதிகளுக்கான மையத்தில் ஷிப்டுக்கு ஒருவராவது தமிழ் பேசட்டும்.

புதிதாகச் சேருகிறவர்களை ஒருநாள் இங்கே அனுப்பி வையுங்கள். எந்த டிவிஷனுக்கு எந்தப் பக்கம் வழி, சாவி யாரிடம் என்பதை தோட்டத்துக் கண்காணிகளான மண்டோர்களோடு சேர்ந்து நாங்களே சுற்றிக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்),
சுங்கை சிப்புட்