எல்எஸ்யூ 2019 டீமுக்கு லேட்டா ஒரு நன்றி மடல்

வணக்கம் மக்களே, 2019 சீசன்ல அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் கப்பு வாங்கின நம்ம எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) டீமோட குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறியுறவரு, ஜோ பர்ரோவுக்கு நன்றி சொல்ல ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க, 60 டச்டவுன் பாஸ் (ஸ்கோர்ல முடியுற எறி), சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராஃபின்னு அவருக்குச் சேர வேண்டியது சேந்தாச்சு. இந்த மடல் அவரைச் சுத்தி நின்னவங்களுக்கு.

மொதல்ல அஃபென்சிவ் லைன் பசங்க, எதிராளி அமுக்காம பர்ரோவை முன்னால நின்னு காக்குறவங்க. டிவில உங்க பேரு வர்றதே பெனால்டி விழுந்தாத்தான்! ஆஸ்டின்ல டெக்சஸ் மேட்ச் ஞாபகம் இருக்கா, கடைசி சில நிமிஷம், ஆறே பாயின்ட் லீடு, மூணாவது டவுன்ல (நாலு முயற்சில மூணாவது) 17 யார்டு போகணும், அவங்க பர்ரோவை அமுக்க ஆளு மேல ஆளா அனுப்புறாங்க, அந்த நெரிசல்லயும் அவரு ஒரு எட்டு முன்னால வச்சு எறிய எடம் கெடச்சுச்சு, ஜஸ்டின் ஜெஃபர்சன் புடிச்சு ஓடிட்டாரு, 61 யார்டு டச்டவுன். அந்த சீசன் சிறந்த அஃபென்சிவ் லைனுக்கான ஜோ மூர் அவார்டு உங்களுக்கு வந்தப்ப எனக்கு ஹைஸ்மனை விட அதுதான் சந்தோஷம்.

அடுத்து பந்தைத் தூக்கிட்டு ஓடுற ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர், எல்எஸ்யூ இருக்குற பேட்டன் ரூஜ்லயே வளந்த பையன், ஆளு குட்டை. அலபாமாகிட்ட வரிசையா 8 தடவை வாங்கிக் கட்டிக்கிட்ட நமக்கு அவங்க ஊரான டஸ்கலூசாலயே போயி 46-41ன்னு ஜெயிச்சுக் குடுத்தது பர்ரோ மட்டும்னு இன்னும் சிலர் சொல்றாங்க. 4 டச்டவுன் யாரு போட்டதாம், கிளைட்தானே?

கோச் ஜோ பிரேடி, என்எஃப்எல் (ப்ரொஃபெஷனல் லீக்) டீம் செயின்ட்ஸ்லேந்து வந்து ஒரே வருஷத்துல நம்ம ஆட்டத்தையே மாத்திட்டு கப்பு வாங்கின கையோட இன்னொரு என்எஃப்எல் டீம் கரோலினாவுக்குக் கெளம்பிட்டீங்க. பரவால்ல, நல்லா இருங்க.

ஸ்டீவ் என்ஸ்மிங்கர் சார், உங்களுக்கு எப்படி சொல்றதுன்னு தெரியல. ஒரு காலத்துல இதே டீமுக்கு குவார்ட்டர்பேக், 2019ல அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தாக்குதல் ஆட்டத்துக்குத் திட்டம் போடுற கோச்), ஆனா வயசுல ரொம்ப சின்னவரான பிரேடிக்கு எடம் விட்டு ஈகோ இல்லாம சேந்து வேலை பாத்தீங்க. டிசம்பர் 28, ஓக்லஹோமா மேட்ச் அன்னிக்கு லாஃபயெட்ல விமானம் விழுந்து உங்க மருமக போயிட்டாங்க. சேதி தெரிஞ்சும் மேல கோச்சுங்க பூத்துல உக்காந்து அடுத்து என்ன ஆடணும்னு பிளே கால் பண்ணீங்க, மொதல் பாதிலயே 7 டச்டவுன் பாஸ், முடிவு 63-28. மத்தவங்க கொண்டாடினப்ப உங்க முகத்தைப் பாத்தேன், அதுக்கு மேல எழுத வரல.

பர்ரோவோட சொந்தப் பக்கமான ஒஹாயோ ஏதென்ஸ் மக்களுக்கும் நன்றி. ஹைஸ்மன் மேடைல நின்னு பர்ரோ உங்க ஊர்ப் பிள்ளைங்க பசியைப் பத்திப் பேசினதும் இங்க லூசியானாலேந்தும் காசு போச்சு, அது நாங்க செஞ்ச உதவி இல்ல, பட்ட கடன். மகன் ஆட்டத்தைப் பாக்கணும்னே கோச்சிங்லேந்து ரிட்டையர் ஆன அவரோட அப்பாவுக்கும் ஒரு கும்பிடு.

அப்பறம் அந்த சீசனோட ஹெட் கோச் எட் ஓர்ஜெரான், நமக்கு கோச் ஓ. ஓலே மிஸ் யூனிவர்சிட்டில வேலை போயி, யுஎஸ்சி யூனிவர்சிட்டில தற்காலிகமா வச்சுட்டு நிரந்தரமா தராம விட்டாங்க, இங்க வந்தப்பயும் அந்தக் கரகரக் கொரலைக் கிண்டல் பண்ணவங்க எத்தனை பேரு! அவங்கதான் 2020 ஜனவரி 13ல நியூ ஆர்லியன்ஸ்ல ஃபைனல்ல கிளெம்சனை 42-25ன்னு ஜெயிச்சதும் கண்ணு கலங்கி நின்னாங்க.

அதுக்கப்பறம் 14 பேரு ஒரே டிராஃப்ட்ல (என்எஃப்எல் டீமுங்க காலேஜ் பசங்களை எடுக்குறது) என்எஃப்எல் போயிட்டீங்க, அடுத்த சீசன் 5 வெற்றி, 5 தோல்வி. போகட்டும், உங்க மேல கோவமே இல்ல.