தாருக்குக் கீழே இருக்கும் நிலம்: மலையக வீதிகளைத் திட்டமிடும் பொறியியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியியலாளர்களுக்கு,

தோட்டப் பாதைகளைக் காபட் வீதிகளாக்கும், அதாவது தாரிட்ட வீதிகளாக்கும் மதிப்பீடுகளைத் தயாரிக்கும் உங்களிடம், மலையகத்துக்குச் சற்றும் பொருந்தாததாகத் தோன்றும் ஓரிடத்திலிருந்து என் கோரிக்கையைத் தொடங்குகிறேன்.

திபெத்திய மேட்டுநிலத்தில் லாசாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, பல நூறு கிலோமீற்றர் தூரம் நிரந்தர உறைநிலத்தின்மீது, அதாவது தொடர்ந்து 2 ஆண்டுகளாவது 0 பாகை செல்சியசுக்கு மேல் போகாத மண்ணின்மீது கிடக்கிறது. சரளைப் பாதையில், மண்ணின் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்திலும் ஒரு பங்கு போய்விடும். தார் அந்த வழியை அடைத்துவிடுகிறது. கரிய மேற்பரப்பு வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சி, குளிர்காலத்தில் வெளியேறுவதைவிடக் கூடுதலான வெப்பத்தைக் கோடையில் கீழே இறக்குகிறது. அடியிலுள்ள பனிக்கட்டி உருகுமிடத்தில் வீதி அமிழ்கிறது. வெயில் படும் பக்கம் முந்தி உருகுவதால் நீளவாட்டில் வெடிக்கவும் செய்கிறது. 2006இல் லாசா வரை திறக்கப்பட்ட ரயில் பாதைக்குப் பல இடங்களில் உடைகற்களைக் குவித்து அணை எழுப்பினார்கள்: பாரமான குளிர்காற்று கற்களின் இடுக்குகளில் இறங்கி நிலத்தைக் குளிர்விக்கும், கோடையின் சூடான காற்று மேலேயே நின்றுவிடும். இயந்திரமே வேண்டாத இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

நம் மலையில் உறைநிலம் இல்லை. நுவரெலியாவில் தை மாத விடியலில் புல்மீது படியும் துகள் உறைபனியும் வெயில் ஏறியதும் மறைந்துவிடும். அங்கே வெப்பம் செய்வதை இங்கே நீர் செய்கிறது. தாரிட்ட வீதியில் ஊற வழியில்லாத மழைநீர் ஏதோ ஒரு வளைவில் திரண்டு, தேயிலை மலைக்கென்று எப்போதோ வெட்டிய கானில், அதாவது வடிகாலில் பாய்கிறது. கான் தாங்காவிட்டால், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு மேலுள்ள சரிவுக்குள் இறங்குகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்கு வீதிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை; நீர் நிறைந்த சரிவு என்ன செய்யும் என்பதற்காகவே அதை நினைவூட்டுகிறேன்.

உறைநிலத்தில் வீதி அமைப்பவர்கள் துளையிட்டு வெப்பமானிகளை இறக்கி, நிலத்தின் வெப்பநிலையை ஆண்டுக்கணக்கில் அளக்கிறார்கள். அதுபோல, தார் போடுவதற்கு முன்னும் பின்னும் சரிவின் நிலத்தடி நீர்மட்டத்தை ஒரு முழு மழைக்காலமாவது அளக்கும் செலவையும், வீதி நீரைப் பாதுகாப்பாக ஓடைவரை கொண்டுசேர்க்கும் கானின் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நீர்மட்டத்தை அளக்கும் குழாய்களை எங்கே இறக்குவதென்று முடிவுசெய்யுமுன், அந்த மலையில் கான் வெட்டும் தொழிலாளர்களிடம் ஒரு நாள் விசாரியுங்கள். அடைமழையில் எந்த இடத்தில் ஊற்றுக் கிளம்பும் என்பதை அவர்கள் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியர்