மூன்று இலையைத் தேட வேண்டாம், ரெங்காஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று இலைச் செடியருகே நாயை விடாதீர்கள் என்று, தொட்டால் அரிக்கும் பாய்சன் ஐவி படத்தோடு வரும் எச்சரிக்கைகளைப் புலனத்தில் பலரும் அனுப்புகிறார்கள். அது வட அமெரிக்கக் கொடி. அந்த அடையாளம் அங்கே சரி. நம் மலேசிய ரப்பர் தோட்டத்தில் இது எதற்கு ஆகும்? ரப்பர் மரத்துக்கே மூன்று மூன்று இலைதான். கன்றுகளுக்கிடையே மண்ணை மூட வளர்க்கும் பயறுவகைக் கொடிகளுக்கும் அப்படியே. இதை நம்பினால் நாயை அவிழ்த்துவிடவே முடியாது.

நாம் பார்க்க வேண்டியது, பிசின் பட்டால் தோல் அரித்துக் கொப்புளிக்கும் ரெங்காஸ் மரத்தை. ஆற்றோரத்திலும் சதுப்பிலும் நிற்கும். பாய்சன் ஐவி, மா, முந்திரி, சலவைக்காரர்கள் துணியில் குறி போட்ட சேங்கொட்டை எல்லாமே இதற்கு உறவு. பட்டையில் வெட்டு விழுந்த இடத்தில் பிசின் காற்றுப்பட்டுக் கறுத்து வழிந்திருக்கும். இலையைவிட அதுவே நம்பகமான அடையாளம்.

அடர்ந்த முடியால் நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. முடி குறைந்த வயிறு, தொடை இடுக்கு, மூக்கோரம் இங்கேதான் சிவந்து அரிக்கும். ஆபத்து அதைத் தடவும் நமக்கு. முடியில் ஒட்டிய பிசினின் எண்ணெய் கைக்கு வருகிறது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்கு ஓரிரு நாளில் கொப்புளம் எழும்பும். அதற்குள் நாயை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, சாப்பாட்டின் மேல் பழி போடுகிறார்கள்.

எனவே வீட்டுக்குள் விடாமல் வெளியிலேயே கட்டிக் கழுவ வேண்டும். ரப்பர் ஊரில் சொல்லக் கூச்சம்தான்: மெல்லிய ரப்பர் கையுறை வழியே இந்த எண்ணெய் ஊடுருவும். தடித்த வினைல் கையுறை போடுங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றி, குளிர்ந்த நீரை நன்றாக ஊற்றி, பாத்திரம் கழுவும் சவர்க்கார நீர்மத்தால் கழுத்திலிருந்து வால்வரை நுரைக்க வேண்டும். வாளியில் முக்காதீர்கள், மிதக்கும் எண்ணெய் திரும்ப முடியிலேயே படியும். குழாய் நீரை ஓடவிட்டு அலசி, இன்னொரு முறை நுரைத்து அலசுங்கள். விரலிடுக்கை விட்டுவிடாதீர்கள். முகத்தைக் கண்ணில் படாமல் ஈரத்துணியால் துடையுங்கள். நாயின் உதறல் தலையில்தான் தொடங்கும். முகவாயை மெல்லப் பிடித்திருந்தால் சுற்றி நிற்பவர் மேல் தெறிக்காது. முடியில் கறுத்துக் காய்ந்த பிசின் கட்டியை நகத்தால் பிய்க்காமல் கத்தரித்துப் பையில் கட்டிப் போடுங்கள். வெட்டிய ரெங்காஸ் கிளையை எரிப்பது இன்னும் மோசம், புகையிலும் நஞ்சு வரும்.

மண்ணெண்ணெய், டீசல் தடவும் வழக்கம் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் வயிற்றுக்கும், புரையேறினால் நுரையீரலுக்கும் கேடு. அரிப்புக்குப் பூசும் கலமைன் தடவினாலும் நக்கும், அதிலுள்ள துத்தநாகம் ஆகாது. நம் பாரசிட்டமோல் மாத்திரையையும் கொடுக்காதீர்கள். முகம் வீங்கினாலோ விடாமல் வாந்தி எடுத்தாலோ கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோக வேண்டும்.

உங்கள் கையில் பட்டுவிட்டால் தாமதிக்காமல் கழுவுங்கள். பாய்சன் ஐவி எண்ணெயில் பத்து நிமிடம் கழிந்தால் ஏறத்தாழ பாதிதான் கழுவிப் போகும் என்பது கணக்கு. கழற்றி வைத்த கழுத்துப்பட்டை, வார், துடைத்த துண்டு, பாராங் கத்தியின் பிடி ஆகியவற்றையும் அன்றே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காய்ந்த எண்ணெய் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் அவற்றில் ஒட்டியிருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், தெலுக் இந்தான்